காய்ந்த பாதைக் கணக்கு

உங்கள் அலுவலகத்து டீ மோசமில்லை ஐயா. விமான நிலையத்தில் எங்கள் அறையில் தருவதைக் குடித்தால் நாக்கு செத்துவிடும்.

நான் விமானம் ஓட்டுகிறவன் இல்லை. கண் கோளாறு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தரையில் உட்கார்ந்து எடை, எரிபொருள் கணக்கெல்லாம் போட்டு வானொலியில் சொல்கிறவன். ஓட்டுகிறவர் என் அத்தான், அக்காவின் கணவர். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, "இவருதான் பறக்காத பைலட்டு" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். மற்றவர்கள் சிரித்ததை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அன்று இறங்க வேண்டிய ஊரில் எதிரே எதுவும் தெரியாத பனிமூட்டம். வேறு எங்கே இறங்கலாம் என்று அத்தான் கேட்டார். இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று கொஞ்சம் தள்ளி, நீளமான ஓடுபாதை, மழையே இல்லை. எரிபொருளும் தாராளமாகப் போதும். இன்னொன்று பக்கத்தில், குட்டைப் பாதை, கொட்டுகிற மழை. விமானம் இறங்கி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பதற்குக் காய்ந்த பாதைக்கு ஒரு கணக்கு, நனைந்த பாதைக்கு வேறு கணக்கு. நனைந்த கணக்குப்படி அந்தக் குட்டைப் பாதை பற்றாது. நான் அந்த இடத்தைச் சொல்லி, காய்ந்த கணக்கை வாசித்தேன்.

அவர் அதைத் தன் கையேட்டில் சரிபார்த்துவிட்டுத்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. அத்தான் கையேட்டைத் தொடவே மாட்டார். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார். மழையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருப்பேன் என்று நம்பி அன்றும் ஒப்பித்துவிட்டு, "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பாவம், அந்த ஒரு தடவைதான் மரியாதையாகப் பேசினார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் திருத்தவில்லை.

கொல்லும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. பாதையைத் தாண்டி வழுக்கிப்போய், சேற்றில் மூக்கைச் செருகி நின்றால் போதும் என்று நினைத்தேன். ஊரே சிரிக்கும், அத்தானின் வாய் கொஞ்ச நாள் மூடியிருக்கும். பாதை முடிகிற இடத்தில் கால்வாய் ஓடுவது வரைபடத்திலேயே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆழம்தான் போடவில்லை. பயணிகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. பின்னால் இருந்தவர்கள் நிறையப் பேர் கரையேறிவிட்டார்கள் என்று கேட்டு மனதாரச் சந்தோஷப்பட்டேன். அத்தானும் முன்வரிசைக்காரர்களும்தான் வரவில்லை.

அக்கா அந்த விமானத்தில் இருந்தது எனக்குத் தெரியாது என்று வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள் ஐயா. முன்வரிசையில் அவளுக்கு இடம் போட்டுக் கொடுத்ததே நான்தான். அவள் பார்க்காமல் அவர் வழுக்கி என்ன பிரயோசனம்?