சுடுதண்ணிக்குக் கோட்டுப் பட்டன்

மிஷின் இங்க இருக்கு தம்பி, மாடிப்படிக்குக் கீழ. நீங்க பாட்டுக்கு விறுவிறுன்னு மொட்டை மாடிக்கு ஏறிட்டீங்க. அங்க எங்க அண்ணன் வாளிய வச்சுக்கிட்டு துணி கும்மிக்கிட்டு இருந்திருப்பாரே? பாத்தீங்கல்ல... அந்தக் கோலத்தைத்தான் மூணு நாளா நான் பாத்துட்டிருக்கேன். வீட்டுல வாஷிங் மிஷின வச்சுக்கிட்டு, கண்ணு தெரியாத மனுஷன தொவைக்க விட்டிருக்கா பாருன்னு எதுத்த வீட்டுல பேச மாட்டாங்களா?

ஆமா, கண்ணு தெரியாது. ரெண்டு வருஷமாச்சு. பேச்சக் கேட்டா சொல்ல மாட்டீங்க, லாரி ஓட்டின வாயி.

இந்த மிஷினுக்கு ஏதோ கோளாறு தம்பி. பச்சத்தண்ணின்னு அமுக்கினா சுடுதண்ணிய ஊத்துது. நீங்க எதுக்கும் உள்ள கழட்டிப் பாத்துருங்க... என்ன முழிக்கிறீங்க? ஓ, பட்டனா. அது நான் ஒட்டினது. நான் தையல்காரி, வீட்டுல பட்டனுக்கா பஞ்சம்? அண்ணன் இங்க வந்த புதுசுல முன் ரூமுல செவுத்தப் பாத்து உக்காந்தே இருந்தாரு. ஒரு டம்ளர் தண்ணி வேணும்னாலும், தொந்தரவு பண்றேன், தொந்தரவு பண்றேன்னுவாரு. ஆயிரம் மைல் அசராம ஓட்டினவரு. எனக்குக் கேக்கக் கேக்கப் பத்திக்கிட்டு வரும்.

ஒரு நாள் ஆத்திரத்துல பசைய எடுத்தேன். சுடுதண்ணிக்குக் கோட்டுப் பட்டன், கோட்டுன்னா சூடு, இல்லையா? நடுவுல சாதா தொவைப்புக்குச் சட்டைப் பட்டன். பச்சத்தண்ணிக்குக் கொழந்த கவுனுக்கு வைக்கிற குட்டிப் பட்டன். டிவி ரிமோட்டுல சத்தத்துக்கு ஒரு ஊக்கு. மைக்ரோவேவுல ரெண்டு பிரஸ் பட்டன். ஒரே வாரத்துல மனுஷன் எந்திரிச்சுட்டாரு தம்பி. எந்திரிச்சாரா... அதோட எங்க நிம்மதி போச்சு.

பின்ன? எழுத்து இனிமே யாருக்குன்னு நான் எழுத்து மேலயே ஒட்டிட்டேன். இப்ப எங்க வீட்டுக்காரர் ஒரு சட்டை தொவைக்கணும்னாலும் அண்ணன்கிட்டதான் போயி நிக்கணும். அவரு அதை வாங்கி மோந்து பாத்துட்டு, "மாப்பிள்ளை, நாலு நாளா போட்டிருக்கீங்க"ன்னுவாரு. நல்ல சட்டை பக்கத்துல அழுக்குச் சட்டைய வச்சிருந்தா, அதுக்கு ஒரு பிரசங்கம். வெள்ளையோட கலரச் சேத்துட்டேன்னு துணியத் தடவியே கண்டுபிடிச்சு என்னையே திட்டுவாரு. கண்ணு இருக்கிறவ நானு!

இருங்க இருங்க, எங்க வந்தேன்... கோளாறு. போன வாரம் பேங்க்காரம்மா அவங்க வீட்டுக்காரரோட கம்பளி ஸ்வெட்டரக் குடுத்தாங்க, கை நீளம் குறைக்கணும்னு. குறைச்சேன். சாக்பீஸ் கறைய எடுக்க அண்ணன்தான் மிஷின்ல போட்டாரு. எடுத்துப் பாத்தா, ஆறடி ஆளோட ஸ்வெட்டர்ல பொம்மைக்குக்கூட கை நுழையாது. பேங்க்காரம்மா வாசல்லயே நிக்கிறாங்க. நான் அவங்க முன்னாடியே கேட்டுட்டேன்... "தெரியலேன்னா தொடாம இருக்க வேண்டியதுதானே?"ன்னு.

தெரியலேன்னான்னு சொன்னேன் தம்பி. கண்ணு தெரியலேன்னு சொல்லல. ஆனா காதுல அப்படித்தானே விழும்?

அவரு குட்டிப் பட்டனத்தான் அமுக்கினேன்னாரு, அவ்ளோதான். மறுநாள் காலைல வாளியோட மாடிக்குப் போயிட்டாரு. நேத்து தண்ணி கேட்டாரு. தொந்தரவு பண்றேம்மான்னாரு. ரெண்டு வருஷங் கழிச்சு அந்தப் பேச்சு மறுபடி வந்திருச்சு. அதான் உங்களுக்குப் போன் போட்டேன். மிஷின் கெட்டுப் போச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, மேல போயி, அண்ணே, தப்பு உன் மேல இல்ல, மிஷின் மேலன்னு...

அத ஏன் பேத்தெடுக்குறீங்க? சரி, எடுங்க. குட்டிப் பட்டன்தானே, அதுக்கு அடில பச்சத்தண்ணின்னு... என்னது?

இருங்க, கண்ணாடியப் போட்டுக்கிறேன். சுடுதண்ணின்னா போட்டிருக்கு?

அய்யய்யோ. அந்தக் கோட்டுப் பட்டனையும் எடுங்க பாப்போம்... பச்சத்தண்ணி.

தம்பி, போன வாரம் நான்தான் இதைத் தொடைச்சேன். அழுக்கா இருக்கேன்னு பெயிண்டுக்கு ஊத்துற தின்னரப் போட்டுத் தொடைச்சேன், ரெண்டு ஓரத்துப் பட்டனும் கையோட வந்துருச்சு. திரும்ப ஒட்டினேன். எப்படி ஒட்டினேன்? கடையில பட்டன் அட்டைல கோக்குற மாதிரி, சின்னதுலேர்ந்து பெருசு. இருபது வருஷப் பழக்கம், கை தானா அடுக்கிருச்சு. இங்க மொதல்ல பெருசுலேர்ந்து சின்னதாத்தானே இருந்துச்சு... அவரு சரியாத்தான் அமுக்கியிருக்காரு.

தம்பி, ஒரு உபகாரம் பண்ணுங்க. உள்ள ஏதோ வயர் போச்சுன்னு மேல போயி ஒரு வார்த்தை சொல்லிருங்களேன். ஏன் சிரிக்கிறீங்க?

அண்ணனா? மாடில உங்ககிட்டயேவா சொன்னாரு? ஓரத்துப் பட்டனப் பேத்துப் பாருன்னா? அப்ப மறுநாளே தடவிப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டு, நானா வந்து சொல்லட்டும்னு மூணு நாளா வாளிய உருட்டிக்கிட்டிருக்காரா? நேத்து தொந்தரவு பண்றேம்மான்னு சொன்னதும் குத்தலா?

இன்னும் என்ன சொன்னாரு... அவ முக்கா மணி நேரம் பேசுவா, அதுவரைக்கும் அவசரப்படாதேன்னா?

பையத் தூக்கிட்டு எங்க கெளம்புறீங்க? ஒரு வாய் டீ... கேட்டைச் சாத்திட்டுப் போங்க தம்பி.

அண்ணே... அண்ணே, நான் வரேன் மேல. அந்த வாளிய ஓரமா வையி. பசை கொண்டாந்திருக்கேன். கைய நீட்டு. இது கோட்டுப் பட்டன், இது குட்டி. கீழ வந்து நீயே ஒட்டு. நான் எங்கயும் விரல வைக்கல.

சிரிக்காதண்ணே. ஸ்வெட்டருக்கு என்ன வழின்னு சொல்லு.