முதலாளிக்கு வந்த போனஸ்

பெருமாநல்லூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவன் மனைவி. வேனை சர்வீஸுக்கு விட்டுவிட்டு வந்தவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"அம்மிணி, எனக்கு போனஸ் போட்டிருக்காங்க."

"தீபாவளிக்கு நீங்கதான எல்லாத்துக்கும் போடுவீங்க. பனியன் கம்பெனி ஓனருக்கு ஆருங்க போடறது?"

"இன்சூரன்ஸ்காரங்க. நம்ம வேனுக்கு வருசம் பூரா கிளெய்மே கேக்கலைன்னு பிரீமியத்துல கொறச்சிருக்காங்க. அதுக்குப் பேரே போனஸுதானாம்."

"வருசம் பூரா வேனை ஓட்டுனது ஆருங்க?"

"நீதான்."

"அப்ப போனஸ் எனக்குங்க."

அவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"பொம்பளை வேன் ஓட்டறான்னு சொந்தக்காரங்க சிரிக்கறாங்க, அடுத்த மாசம் டிரைவர் போட்டுரலாம்னீங்களே. அந்தாளு எங்கியாச்சும் இடிச்சு, நாம கிளெய்ம் கேட்டா?"

"போனஸ் போயிரும்."

"சிரிச்சவங்க வந்து கட்டுவாங்களா?"

அவர்கள் ஸ்டாப் வந்ததும் கணவர் எழுந்து வழிவிட்டு நின்றார்.

"டிரைவர் வேண்டான்னு சொல்லிப்போடறேன். எறங்குங்க டிரைவரம்மா."

அந்த அம்மாவுக்கு இப்போது முகமெல்லாம் சிரிப்பு.

"இந்த 'ங்க'தான் எனக்குப் போனஸுங்களா?"