பாலத்துக்கு எந்தப் பக்கம்?

– அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்தும்மா. பேசிட்டிருக்கேன்ல?

– கால்தானே மிதிக்குது, காது சும்மாதான் இருக்கு. நீ பேசு.

– ஆஸ்பத்திரியில இருந்து இப்பக் கூப்பிடுவாங்க. வெளிநாட்டுல நாம எந்த ஊர்ல குடியேறப்போறோம், நான் எங்க வேலைக்குச் சேர்றேன்னு இன்னிக்குச் சொல்லியாகணும். துறைமுகமா, அக்கரையா?

– அதான் சொல்லிட்டேனே. அக்கரை.

– காரணம்?

– சின்ன ஊர். சத்தமில்லாத ஊர்.

– இருபது வருஷமா தடதடன்னு தையல் மெஷின் ஓட்டுறவளுக்குச் சத்தம் ஆகாதாக்கும்!

– இது நான் போடுற சத்தம்டி. அடுத்தவங்க போடுறதுதான் ஆகாது.

– விளையாடாதம்மா. துறைமுகத்துல இருக்கிறது பெரிய ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே பிரிவு மட்டுமே ஒரு மாடி பூரா. நாலு விஷயம் கத்துக்கலாம். அக்கரையில இருக்கிறது அதோட கிளை. ஒரே ஒரு மெஷின், அதுவும் பழசு.

– ஒரு பழைய மெஷினை வெச்சுத்தான் உன்னைப் படிக்க வெச்சேன். இதோ, இதேதான்.

– உன்கிட்ட யாரு வாய் குடுக்கிறது! நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு ஆறு, ஒரு பாலம். அவ்வளவுதான். எல்லாக் கடையும் துறைமுகத்துலதான் இருக்கு. அக்கரையில இருந்தா எதுக்கெடுத்தாலும் பாலம் தாண்டணும். பஸ்ஸுல நசுங்கணும்.

– எங்க நசுங்குறது? காலையில அக்கரையில இருந்து வர்ற பஸ்தான் ரொம்பி வழியும். நீ அக்கரையிலேயே வேலை பார்த்தா பஸ்ஸே வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் பின் வாசல் சந்தைத் தெருவுல இருக்கு. நடந்தே போயிடலாம்.

– பின் வாசலா? நேர்ல போயிட்டு வந்தவ நான். எனக்கே தெரியாது அதுக்குப் பின் வாசல் இருக்குன்னு.

– ஆஸ்பத்திரின்னா பின் வாசல் இல்லாமலா இருக்கும்?

– அது சந்தைத் தெருவுலதான் இருக்குன்னு யாரு சொன்னா?

– துணி தைக்க வர்றவங்க ஆயிரம் பேசுவாங்க. காதுல விழுறதுதான்.

– கவுனுக்கு அளவு குடுக்க வந்தவங்க, கடல் தாண்டி இருக்கிற ஊர்ல பஸ் எப்ப ரொம்பும், வாசல் எங்க திறக்கும்னு பேசிட்டுப் போறாங்களா?

– பேசினாங்க. உனக்கென்ன இப்போ? இந்தா, இந்தக் கோட்டுக்குள்ள கையை விடு. கை நீளம் பார்க்கணும்.

– பேச்சை மாத்தாதே.

– கையை விடுன்னா விடு. அந்த ஊர்க் குளிர்ல விறைச்சுப்போய் நின்னா என்னைத் திட்டக்கூடாது. ம்... இன்னும் கொஞ்சம் இறக்கணும். திரும்பு.

– திரும்பிட்டேன். இப்ப உன் மூஞ்சி எனக்குத் தெரியாது. அதனால உண்மையைச் சொல்லலாம். தினமும் மத்தியானம் மொட்டைமாடிக்கு எதுக்குப் போறே?

– துணி காயப்போட.

– வாளி இங்கேயே இருக்கு. துணியும் வாளியிலேயே இருக்கு.

– காத்து வாங்கப் போறேன்டி. நாள் பூரா குனிஞ்சே கிடக்கிறேன், கொஞ்சம் நிமிரக் கூடாதா?

– நிமிரு. வேண்டாங்கல. காத்து வாங்கப் போறவளுக்குப் போன் எதுக்கு?

– மணி பார்க்க.

– கையில வாட்ச் கட்டியிருக்கே.

– அது ஓடல.

– ஓடுது. இதோ ஓடுது பாரு.

– ஓடுதா? நேத்து ஓடல.

– அம்மா... நான் சண்டை போடல. பயமா இருக்கு, அதான் கேட்கிறேன். யாராவது உன்கிட்டப் போன்ல ஆசை வார்த்தை பேசுறாங்களா? அக்கரைக்கு வாங்க, தையல் கடை வெச்சுத் தர்றேன், அது இதுன்னு? உன்னை மாதிரித் தனியா இருக்கிறவங்களாப் பார்த்துத்தான் வலை போடுறாங்க.

– என்னை ஏமாத்த இனிமே ஒருத்தன் பொறந்து வரணும். ஏற்கெனவே பொறந்தவன் ஏமாத்திட்டுப் போயாச்சு.

– இப்ப எதுக்கு அப்பா பேச்சு?

– நான் எங்க அப்பான்னேன்? நீதான் சொன்னே. வாயில எப்படி டக்குன்னு வந்துச்சு?

– வேற யாரு நம்மளை ஏமாத்தினது? வெளிநாட்டுக்குப் போய் உங்களைக் கூப்பிட்டுக்கிறேன்னு போனவர்தானே? ஏர்போர்ட்ல கையாட்டினதோட சரி. அப்புறம் ஆளும் இல்ல, பேச்சும் இல்ல.

– அது எனக்கும் தெரியும். அதைக் கேட்கல. ரொம்ப நாளா இந்த வீட்டுல அந்தச் சொல்லே கிடையாது. இப்ப மட்டும் நாக்கு நுனியில நிக்குதே, அதான் கேட்டேன்.

– நீ குத்தினே, நான் கத்தினேன். குண்டூசியைப் பார்த்துக் குத்தும்மா!

– சரி, கோட்டைக் கழட்டு. உட்காரு இப்படி. இவ்வளவு நேரம் நீ கேட்டே. இப்ப நான் கேட்கிறேன்.

– கேளு. எனக்கென்ன பயம்?

– இன்டர்வியூவுக்குப் போயிட்டு வந்தியே, வந்த அன்னிக்கு என்ன சொன்னே? அக்கரைதான்மா அழகு, ஆத்தோரமா நடக்கலாம், உனக்குப் பிடிக்கும்னு நீதானே சொன்னே?

– சொன்னேன்.

– அடுத்த வாரமே துறைமுகம், துறைமுகம்னு ஒத்தைக் கால்ல நிக்கிறே. நடுவுல என்ன ஆச்சு? ஆறு வத்திப்போச்சா?

– யோசிச்சேன். வேலை முக்கியம்னு பட்டுது. நீ மட்டும் என்னவாம்? அன்னிக்கு "எந்த ஊரா இருந்தா என்ன, தலைக்கு மேல கூரை இருந்தாச் சரி"ன்னே. நான் துறைமுகம்னு சொன்னதும்தான் அக்கரைன்னு அடம் பிடிக்கிறே. வீம்புக்குன்னே பண்றியா?

– போனை ஏன் கவுத்து வெக்கிறே?

– எப்ப வெச்சேன்?

– இப்பத்தான். நான் பார்க்கிறேன்னதும் கவுத்தே. ஊரான் எலும்பையெல்லாம் வெளிச்சம் போட்டுப் பார்க்கிறவதான் நீ. ஆனா நான் பெத்தவ. எனக்கு வெளிச்சமே வேண்டாம். யாரைப் பார்த்தே அங்க?

– யாரையும் பார்க்கல.

– நீ எனக்கு ஒரு வீடியோ அனுப்பினியே. துறைமுகத்துல ஆஸ்பத்திரித் தெரு இப்படி இருக்குன்னு.

– ஆமா. கடையெல்லாம் காட்டினேன். அதுக்கென்ன?

– முன்னாடி ஒருத்தர் நடந்து போனார்.

– தெருன்னா நாலு பேர் நடக்கத்தான் செய்வாங்க.

– நாலு பேரும் உன் பையைத் தூக்கிட்டா நடப்பாங்க? அந்தப் பை நான் தைச்சது. ஓரத்துல மிச்சத் துணியில பட்டை வெச்சிருக்கேன். உலகத்துலயே அப்படி ஒரு பை ஒண்ணுதான்.

– அம்மா... அதுல மூஞ்சியே தெரியலையே!

– மூஞ்சி எதுக்குடி? தையக்காரிக்கு முதுகு போதும். இடது தோள் கொஞ்சம் இறங்கின தோள். எத்தனை சட்டை தைச்சிருக்கேன் அந்த ஆளுக்கு! ஒவ்வொண்ணுக்கும் உள்ள ஒரு பட்டை கூட வெச்சு, ரெண்டு தோளையும் சமமாக் காட்டுவேன். கடையில வாங்கின சட்டை போட்டிருந்தார். அந்தப் பக்கம் தொங்கிட்டுக் கிடந்துச்சு. பார்த்ததும் கை பரபரன்னு ஆயிடுச்சு எனக்கு.

– கோவத்துலயா?

– ... கோவத்துலதான். வேறெதுல?

– அன்னிக்கே பார்த்துட்டியா? இத்தனை நாள் தெரிஞ்சும் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தியா?

– நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். அப்பன் பக்கம் சாய்ஞ்சுட்டாளோன்னு பயந்தேன். துறைமுகம்னு நீ நிக்க நிக்க, அவர்கூட இருக்கத்தான் அந்த ஊருன்னு நினைச்சேன். என்னை ஒப்புக்குக் கூட்டிட்டுப் போறாளோன்னு ராத்திரியெல்லாம் கண்ணு மூடல.

– பைத்தியமாம்மா நீ? அவர்கூடவா? நான் திட்டத்தான் போனேன். அத்தைகிட்ட விலாசம் கேட்டு வாங்கி, நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்கணும்னு போனேன்.

– கேட்டியா?

– ஒரு சலவைக்கடையில இஸ்திரி போட்டுட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பெட்டியைத் துணி மேலயே வெச்சுட்டு அப்படியே நின்னுட்டார். துணி பொசுங்குது, புகை வருது, அவர் அசையல. நான்தான் பெட்டியை எடுத்து வெச்சேன். அதுக்கப்புறம் எங்க திட்டுறது?

– அழுதாரா?

– அழுதார்.

– அதுல ஒண்ணும் குறைச்சல் கிடையாது. அப்புறம்?

– "அம்மா எப்படி இருக்கா"ன்னு கேட்டார். கேட்க உங்களுக்கு வாய் கூசலையான்னு கேட்டேன். பையைக் குடு, தூக்கிட்டு வர்றேன்னார். பஸ் வரைக்கும் வந்தார். பேச ஒண்ணுமில்லாமத்தான் போனை எடுத்துத் தெருவைப் படம் பிடிச்சேன். மாட்டிக்குவேன்னு யாரு கண்டா!

– ம்...

– அதனாலதான் அக்கரை வேணுங்கிறியா? அவர் துறைமுகத்துல இருக்கார்னு?

– ஆமா. அந்த மனுஷன் இருக்கிற ஊர்ல எனக்கு மூச்சு முட்டும். நடுவுல ஒரு ஆறாவது இருக்கட்டும். போதுமா? தெரிஞ்சுதா காரணம்? இனி அக்கரைன்னு சொல்லிட்டு வேலையைப் பாரு.

– ஐயோ அம்மா... உனக்கு எப்படித்தான் புரியவைக்கிறது!

– என்ன புரியணும்?

– அவர் இப்ப துறைமுகத்துல இல்ல.

– ஆங்... இல்லையா? அப்புறம் எங்க?

– அக்கரையில! அந்தச் சலவைக்கடைக்கு அங்கயும் ஒரு கடை இருக்கு. தப்பு என் மேலதான். பஸ் ஏறும்போது, "நாங்க அக்கரையிலதான் இருக்கப்போறோம், நீங்க அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கக் கூடாது"ன்னு மிரட்டிட்டு வந்தேன். மிரட்டினதா நினைச்சேன். ஆனா வழி காட்டிட்டு வந்திருக்கேன்! ஒரே வாரத்துல பெட்டியைத் தூக்கிட்டுப் பாலம் தாண்டிட்டார்.

– யாரு சொன்னா உனக்கு?

– கடை முதலாளி. நான் அவருக்குப் போன் போட்டா எடுக்கவே மாட்டேங்கிறார். முதல்ல தினமும் நாலு தடவை அவரே கூப்பிட்டுட்டிருந்தவர், திடீர்னு சத்தமே இல்ல. சந்தேகம் வந்து கடைக்குப் போட்டேன். "அவரா கேட்டு வாங்கிட்டு அக்கரைக் கடைக்குப் போயிட்டாரே, ரொம்பக் குஷியாப் போனாரே"ங்கிறார்.

– குஷியாவா போனாராம்?

– அதுவா முக்கியம்? எதுக்குச் சிரிக்கிறே?

– சிரிக்கலடி. தும்மல் வந்துச்சு, அடக்கினேன்.

– உனக்கு விளையாட்டாத் தெரியுது. எனக்கு எரியுது. நான் காய்ச்சல்ல கிடந்தப்ப ஒரு கையால என்னைத் தட்டிக் குடுத்துட்டு மறு கையால சட்டைக்குக் காஜா எடுத்தவ நீ. அப்பல்லாம் எங்க இருந்தார்? இப்ப மகள் வேலைக்கு வர்றா, பொண்டாட்டி பின்னாலயே வர்றான்னதும் வாசல்ல வந்து நிக்கணுமா? நீ சந்தைக்குப் போனா அங்க நிப்பார், பஸ்ஸுக்குப் போனா அங்க நிப்பார். திரும்ப உன்னை அழவிடச் சொல்றியா என்னை? அதுக்குத்தான்மா துறைமுகம். வேற ஒரு மண்ணும் இல்ல.

– என் தங்கமே...

– தங்கம் கிடக்கட்டும். இதோ, போன் அடிக்குது. ஆஸ்பத்திரிதான். துறைமுகம்னு சொல்றேன், சரியா?

– எடுக்காதே.

– ஏன்?

– எடுக்காதேன்னா எடுக்காதே. அக்கரைதான்.

– இவ்வளவு சொல்லியுமா! அந்த மனுஷன் நம்மளைத் துரத்திட்டு அங்க வந்து உட்கார்ந்திருக்கார்மா!

– துரத்திட்டு வரலடி... உன் அத்தைகிட்ட நம்பர் வாங்கி, மொட்டைமாடியில இருந்து நான்தான் போகச் சொன்னேன். முதல்ல போய் மூணு பேர் இருக்கிற மாதிரி ஒரு வீடு பாருங்க, அதுவரைக்கும் மக கூப்பிட்டா எடுக்காதீங்க, உளறிடுவீங்கன்னு.