பப்பாசி மேல் பழி

டிக்கோயாவிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். கிளினிக் முடிந்து திரும்புகிறார்கள். இளையவள் மடியில் ஏழு மாதக் குழந்தை.

"புள்ளைக்கு வாங்குற பழம் பூரா நான்தான்க்கா தின்னு தீக்குறேன்" என்றாள் தாய். அதற்குப் பிறகு நான் எப்படி ஜன்னலைப் பார்ப்பது?

"ஏன், அவன் திங்கலையா?"

"வாயில வச்சா மூஞ்சிய சுளிச்சுத் துப்புறான். வாழைப்பழம் புடிக்கலையோனு பப்பாசி வாங்குனேன். அதையும் துப்பிட்டான். கடைக்காரர்கிட்ட போயி, 'பழத்துக்கு மருந்து அடிச்சீங்களா'னு சண்டை வேற போட்டேன். இன்னிக்கு மிட்வைஃப் மிஸ் அதே பப்பாசிய கரண்டியால மசிச்சுக் குடுத்தாங்க. சப்புக்கொட்டித் தின்னான்க்கா!"

"நீ எதால மசிச்ச?"

"கொழுந்தெடுத்துட்டு வந்து, சோப்புப் போட்டுக் கழுவிட்டு, கையாலதான்."

மூத்தவள் அந்த விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தேயிலைக் கொழுந்துக் கறை கறுப்பாக ஏறியிருந்தது.

"இது சோப்புக்குப் போவுமாடி? புள்ளைக்குக் கசந்திருக்கு. மிச்சத்த தின்னியே, ஒனக்குத் தெரியலையா?"

தாய் தன் விரலை நக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எனக்கு எங்கக்கா கசக்குது? பன்னெண்டு வருஷமா இந்தக் கையாலதானே சோறு திங்கிறேன்."