பக்கத்து மிஷின்காரியின் தண்ணி பாட்டில்

சாயங்காலம் மண்ணரை போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் பனியன் கம்பெனி டெய்லர்கள் இரண்டு பேர். மூத்தவள்தான் ஆரம்பித்தாள்.

“அவ தண்ணி குடிக்கறதப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது கண்ணு.”

“யாருங்கக்கா?”

“பக்கத்து மிஷினுக்குப் புதுசா வந்தாளே, அவதான். ஒரு நாளைக்கு ரெண்டு பாட்டில் காலி பண்றா. நாலு தடவ பாத்ரூம் போறா.”

“அப்பத் தெக்கற பீஸ் கொறையுமுங்களே.”

“அதான் இல்ல. எந்திரிச்சுப் போவோணுமேன்னு நான் காலைல இருந்து சொட்டுத் தண்ணி குடிக்காம தெக்கறேன். மூணு மணிக்கெல்லாம் தலைவலி வந்துருது. தையல் கோணலாப் போயி, பிரிச்சுப் பிரிச்சுத் தெக்கறேன். அவளுக்கு ஒரு பீஸ்கூடச் செக்கிங்ல இருந்து திரும்பி வாரதில்ல.”

“நீங்களும் குடிக்கலாமுங்களே.”

“பன்னெண்டு வருசமாக் குடிக்காதவ, அவளப் பாத்துக் குடிக்கறதா? மத்தியானம் அவ பாட்டில எடுத்து என் பையில ஒளிச்சு வெச்சுட்டேன்.”

“அப்பறமுங்க?”

“தேடிப் பாத்துட்டு, ‘அக்கா, உங்க பாட்டில்ல ஒரு வாய் குடுங்க’ன்னு எங்கிட்டயே வந்து நிக்கறா. எங்கிட்ட ஏது பாட்டில்?”

மூத்தவள் பையைத் திறந்து அந்தப் பாட்டிலை எடுத்தாள். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் முழுவதையும் குடித்து முடித்தாள்.