லைப்ரரியில் ஒரு பிளம் கேக்

டிசம்பர் முதல் வாரம், செவ்வாய்க்கிழமை காலை. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குக் கிளம்பிய மின்சார ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். இளையவர் சொன்னார்: "என் கேக்கை யார் தின்னாங்கன்னு ஆபீசரே பார்த்துட்டாரு, மேரி அக்கா!"

"எந்த ஆபீசருடி, ஸ்டெல்லா?"

"கேக் கடை வைக்க சிறுபான்மையினர் லோனுக்குப் போட்டிருந்தேன்ல? நேத்து வீடியோ கால்ல இன்டர்வியூ. நம்ம வூட்டுல சிக்னலே வராது. லைப்ரரியில கவர்ன்மென்ட் வைஃபை ஃப்ரீன்னு அங்க போனேன். சேவைக்கு வர்ற காலேஜ் பொண்ணுதான் கால் போட்டுக் குடுத்துச்சு."

"கேக்கு எதுக்கு?"

"சாம்பிள் காட்டணும்னாங்க. பின்னாடி டேபிள்ல வெச்சுட்டுப் பேசிக்கினு இருந்தேன். 'இதை வாங்க ஆளு இருக்காம்மா?'ன்னாரு. கேக்கையே காட்டுவோம்னு போனைத் திருப்புனேன். தட்டு காலி! பேப்பர் படிக்க வந்த பெருசுங்க எல்லாம் மென்னுக்கினு இருக்காங்க. வருஷா வருஷம் நான் குடுக்கிற கிறிஸ்துமஸ் கேக்குன்னு நெனச்சுட்டாங்க."

மேரி வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, லோன் போச்சா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆபீசர் கண்ணாடியைக் கழட்டிட்டுச் சிரிக்கிறாரு. 'ஆளு இருக்காங்கம்மா, நான் ஓகே போட்டுட்டேன். மொதல்ல அந்தக் கடைசிப் பெரியவருக்குத் தண்ணி குடுங்க, விக்குது'ன்னாரு."