ஞானாம்பாளுக்குத் துணையாக வந்தவருக்கு

எங்கள் அன்புக்கும், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அச்சத்துக்கும் உரிய ஆரோக்கியம் சிஸ்டர் அவர்களே! விழித்திரைப் பிரிவின் விடிவிளக்கே என்று தொடங்கத்தான் நினைத்தோம். "ஐஸ் வைக்காதீங்கம்மா" என்று அதட்டுவீர்கள் என்பதால் விட்டுவிட்டோம்.

நீங்கள் ஓய்வுபெறும் இந்நாளில், உங்கள் நெடும்பணி முழுவதும் இந்த வாழ்த்துமடலின் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்காது. ஞானாம்பாளைப் பற்றி மட்டும் சொல்கிறோம்.

சர்க்கரை நோய் முற்றி, கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, குடவாசல் பக்கத்திலிருந்து வந்தவர் அவர். மறு கண் முன்பே போயிருந்தது. அறுவையின்போது ரத்தம் பெருகாமலிருக்க, சில நாள் முன்னதாகக் கண்ணுக்குள் ஊசி மருந்து போட்டோம். புதிதாய் முளைத்த ரத்தக் குழாய்களை அது சுருக்கும். ஆனால் அதன்பின் நாள் தள்ளினால், உள்ளே படர்ந்த சவ்வு இறுகி, விழித்திரையையே இழுத்துக் கழற்றிவிடலாம். குறித்த நாளில் ஞானாம்பாள் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. பார்வை சற்றுத் தெளிந்ததும் நடவுக்குப் போய்விட்டார் என்றே நாங்கள் நினைத்தோம். நீங்கள் பஸ் ஏறினீர்கள்.

அங்கே நடந்ததைப் பிறகு வார்டில் ஞானாம்பாளே சொன்னார். வயலுக்குப் போகவில்லை, வீட்டில் தனியாகத்தான் இருந்திருக்கிறார்.

"கண்ணுதான் தெரியுதே சிஸ்டர், அப்பறம் எதுக்குக் கத்தி?"

"இப்பத் தெரியுது. அடுத்த வாரம் நானே வந்து நின்னாலும் தெரியாது."

வெகுநேரம் கழித்தே உண்மை வெளியே வந்தது.

"கூட ஒரு ஆளோட வரணும்னுட்டீங்க. மவன் துபாய்ல. நான் யாரக் கூட்டிக்கிட்டு வருவேன்?"

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? பொடவைய மாத்துங்க. நான்தான் ஆளு."

மறுநாள் நீங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சீருடை இல்லாமல், துணைக்கு வந்தவர்கள் அமரும் பெஞ்சில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தீர்கள். உள்ளே டாக்டர் ராஜராஜன் சவ்வை உரித்தெடுத்து, லேசர் வைத்து, முடிவில் மறுபடியும் அதே மருந்தைச் செலுத்தினார். விழித்திரை தங்கியது. முழுப் பார்வை வரவில்லை. தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும் அளவுக்கு வந்தது.

கட்டுப் பிரித்த அன்று அவர் உங்களைக் கேட்டார்: "எனக்கு நீங்க வந்தீங்க. ஒங்களுக்கு யாரு வருவா?"

நீங்கள் சொட்டு மருந்தைக் குலுக்கியபடி, "மேல பாருங்க" என்றீர்கள். அந்தக் கேள்வி பக்கத்தில் நின்ற எங்கள் காதிலும் விழுந்தது.

வீடுவரை கொண்டுவிட வேன் வேண்டாம், வழக்கம்போல பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று நேற்றும் சொன்னீர்கள். மன்னியுங்கள், சிஸ்டர், வேன் வாசலில் நிற்கிறது. உடலும் பார்வையும் குன்றாமல் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும்! இன்று மாலை குத்தாலத்தில் உங்கள் வீட்டுப் பூட்டை நீங்கள் திறக்கும்போது, பின்னால் நாங்கள் எல்லோரும் நிற்போம்.

இப்படிக்கு,
உங்களோடு பணியாற்றிய விழித்திரைப் பிரிவு ஊழியர்கள்,
தஞ்சாவூர்.